பிள்ளை கையில் வவுச்சர்... பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை!

ஆபீஸில் 'வவுச்சர்' என்றால் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? ஆட்டோவுக்கு இவ்வளவு, டீ-பிஸ்கட்டுக்கு இவ்வளவு, கீழே ஒரு கையெழுத்து, அக்கவுன்ட்ஸ் மேஜையில் ஒரு முறைப்பு! ("போன வாரமும் இதே ஆட்டோதானே ஸார்?") கைக்காசைப் போட்டுச் செலவழித்ததை ஆபீஸிடமிருந்து திரும்ப வாங்குவதற்கான சீட்டு அது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அப்பா, அம்மாக்கள் வாங்கும் வவுச்சர் வேறு சமாசாரம். அது பள்ளிக்கூடச் சீட்டு. 'உங்கள் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபீஸில் இவ்வளவு வரைக்கும் அரசாங்கம் கட்டும்' என்று அதற்கு அர்த்தம். கேட்டதும், 'அட, சூப்பர் ஐடியாவா இருக்கே!' என்று தோன்றுகிறதா? எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு விடியற்காலையில் க்யூ நின்றவர்களுக்குக் கட்டாயம் தோன்றும். கல்யாணமாகாத பேச்சிலர்களே, நீங்களும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்னும் ஐந்தாறு வருடத்தில் நீங்களும் அதே க்யூவில்தான்!

இந்தச் சீட்டுக்கு ஒரு ஜோடி உண்டு. அதன் பெயர் பரீட்சை. நம் ஊர்ப் பரீட்சை பையனுக்கு மார்க் போடும். அங்கே நடக்கும் 'ப்ரொஃபிஷியன்ஸி டெஸ்ட்' எனும் தேர்ச்சித் தேர்வு, பையனோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்கும் மார்க் போடும். 'இந்தப் பள்ளி தேறாது' என்று பரீட்சை சொன்னால், அங்கிருந்து பிள்ளைகள் வெளியேறச் சீட்டு கிளம்பும். இந்த ஜோடி ஒஹாயோவில் முப்பது வருடத்துக்கு நெருக்கமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. அதில் சண்டை உண்டு, சஸ்பென்ஸ் உண்டு, கடைசி ரீலில் ஒரு திருப்பமும் உண்டு!

சாம்பாரும் நோபல் பரிசும்

ஐடியாவின் தகப்பனார் மில்டன் ஃப்ரீட்மன். 1976-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். 1955-லேயே ஒரு கட்டுரையில் இதை எழுதிவிட்டார். படிப்புக்கு அரசாங்கம் பணம் தரட்டும், சரி. அதற்காகப் பள்ளிக்கூடத்தையும் அரசாங்கமே நடத்த வேண்டும் என்று என்ன கட்டாயம்? பணத்தைப் பள்ளிக்குக் கொடுக்காமல் பெற்றோர் கையில் சீட்டாகக் கொடுத்துவிடலாமே?

நம் பாஷையில் சொன்னால் இப்படி: தெருவில் ஒரே ஒரு ஹோட்டல்தான் இருக்கிறது. சாம்பார் தண்ணியாக இருந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாக வேண்டும். எதிர்வாடையில் இன்னொரு ஹோட்டல் திறந்து, உங்கள் கையில் எங்கேயும் செல்லுபடியாகும் டோக்கனும் இருந்தால்? மறுநாளே முதல் ஹோட்டல் சாம்பாரில் பருப்பு தென்படும்! பள்ளிக்கூடங்களுக்குள்ளும் அப்படி ஒரு போட்டி வரட்டும் என்பதுதான் ஃப்ரீட்மன் லாஜிக்.

லாஜிக் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அரசாங்கப் பணத்தைத் தனியார் பள்ளி ஃபீஸுக்குத் திருப்பிவிடும் வேலை நிஜத்தில் நடந்தபோது, வெர்ஜினியா மாநிலத்தில் முதலில் பார்த்தது கொஞ்சம் அசிங்கமான காட்சி. 1954-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், 'வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று பிரிக்கக்கூடாது' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிரின்ஸ் எட்வர்ட் என்ற கவுன்ட்டியின் நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? சேர்த்து உட்கார வைப்பதைவிட மூடிவிடுவதே மேல் என்று 1959-ல் எல்லா அரசுப் பள்ளிகளையும் இழுத்துப் பூட்டியது! வெள்ளைப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போனார்கள். அதற்கு அரசாங்கப் பணமும் உதவியாக வந்தது. கறுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லை. 1964-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி குறுக்கிட்ட பிறகுதான் பூட்டு திறந்தது. ஐந்து வருடம்! ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய குழந்தைக்குப் பத்து, பதினோரு வயதாகிவிடும்.

இதற்காக ஃப்ரீட்மன்மீது பழி போட முடியாது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. சீட்டு என்பது வெறும் கத்தி. காய் நறுக்குவதும் கையைக் கீறுவதும் பிடித்திருப்பவரைப் பொறுத்தது.

கறுப்பினத் தாய்மாரின் கோபம்

அடுத்த காட்சி 1990. விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரம். இந்த முறை சீட்டைக் கேட்டவர் பாலி வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. சட்டசபை உறுப்பினர், டெமாக்ரடிக் கட்சி. 'பணக்காரர்கள் பிடிக்காத பள்ளியை விட்டு வேறு ஏரியாவுக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஏழைத் தாய் எங்கே போவாள்?' என்பது அவர் வாதம். எதிர்க்கட்சியான ரிபப்ளிக்கன் கவர்னரோடு கைகோத்து, சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

முதல் வருடத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 340 பேர். பள்ளிகள் ஏழு. தலைக்குச் சுமார் 2,450 டாலர். ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும். இத்தனை சின்ன விதைதான் இன்று மில்வாக்கியில் மட்டும் 25,000 மாணவர்களுக்கு மேல் நிழல் தரும் மரமாகியிருக்கிறது.

மரம் என்றால் வேப்பங்காயும் இருக்குமில்லையா? தொடக்க காலத்தில் மேற்பார்வை ரொம்பத் தளர்வு. போர்டு மாட்டினால் பள்ளிக்கூடம்! ஒரு பள்ளியின் நிர்வாகி, வகுப்புக்கே வராத பிள்ளைகளின் பெயரில் சீட்டுப் பணம் வாங்கி, இரண்டு மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கிவிட்டார்! (ஒன்று பழுதானால் இன்னொன்று வேண்டுமே!) விஷயம் கோர்ட்டுக்குப் போனது, பள்ளி மூடப்பட்டது. சீட்டுத் திட்டம் தொடங்கி முதல் இருபத்தைந்து வருடத்தில் அதில் சேர்ந்த தனியார் பள்ளிகளில் பத்துக்கு நான்கு காணாமல்போயின என்று பின்னால் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். ஹோட்டல் மூடினால் அடுத்த ஹோட்டலுக்குப் போகலாம். நடு வருடத்தில் பள்ளிக்கூடம் மூடினால் நாலாங்கிளாஸ் பிள்ளை எங்கே போகும்?

கிளீவ்லண்டில் பத்தில் ஒருவர்

இப்போது கதாநாயகன் ஊருக்கு வருவோம். ஒஹாயோவின் ஏரிக்கரை நகரம் கிளீவ்லண்டு. ஒரு காலத்தில் இரும்பாலைகளால் செழித்த ஊர். ஆலைகள் ஓய்ந்தன. வசதியுள்ளவர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். நகரத்துப் பள்ளிகளில் சுமார் 75,000 பிள்ளைகள், பெரும்பாலும் ஏழைகள்.

ஒஹாயோ 1987-லேயே தேர்ச்சித் தேர்வுக்குச் சட்டம் போட்டுவிட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, குடிமையியல் என்று ஒன்பதாம் வகுப்பு அளவில் பரீட்சை. பின்னால் விஞ்ஞானமும் சேர்ந்தது. 1994-ல் பள்ளி முடித்தவர்களிலிருந்து, இதில் தேறாவிட்டால் டிப்ளமா கிடையாது. நோக்கம் தப்பில்லை. சரியாகப் படிக்கத் தெரியாத பையன் கையில் சர்ட்டிபிகேட்டைத் திணித்து அனுப்புவது அவனுக்கே செய்யும் துரோகம்தானே?

கிளீவ்லண்டில் பரீட்சை வைத்தபோது வந்த ரிசல்ட்: ஒன்பதாம் வகுப்பில் பத்தில் ஒருவர்தான் தேறினார்! மாநிலம் வைத்த குறைந்தபட்ச அளவுகோல்கள் பதினெட்டு. கிளீவ்லண்டு தாண்டியது பூஜ்யம். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முடிக்காமலேயே வெளியேறினார்கள். 1995-ல் ஒரு ஃபெடரல் நீதிபதி, 'போதும், நகர நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ளட்டும். பள்ளிகளை மாநில அரசு எடுத்து நடத்தட்டும்' என்று உத்தரவிட்டார்.

பரீட்சை செய்த நல்ல காரியம் இது. மூடி மறைத்திருந்த புண்ணை எல்லோரும் பார்க்கும்படி திறந்து காட்டிவிட்டது. அதை மறுக்கக்கூடாது.

ஆனால் தெர்மாமீட்டர் ஜுரம் எவ்வளவு என்று சொல்லும். ஏன் ஜுரம் என்று சொல்லாது.

மேஜைமேல் கரித்தூள்

காரணங்களில் ஒன்றை அதே மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட் 1997-ல் போட்டு உடைத்தது. அமெரிக்காவில் பள்ளிக்கூடச் செலவில் பெரும்பங்கு உள்ளூர் வீட்டு வரி, சொத்து வரியிலிருந்து வருகிறது. பங்களா நிறைந்த ஏரியா என்றால் பள்ளியில் நீச்சல் குளம். ஓட்டை வீடுகள் நிறைந்த ஏரியா என்றால் பள்ளியிலும் ஓட்டை! 'டீரால்ஃப்' வழக்கு என்று இதற்குப் பெயர். ஒஹாயோவின் சில பள்ளிகளில் நிலக்கரி போட்டுக் கணப்பு மூட்டுகிறார்கள், ராத்திரி படிந்த கரித்தூள் காலையில் பிள்ளைகளின் மேஜைமேல் இருக்கிறது என்றெல்லாம் தீர்ப்பில் வர்ணனை வருகிறது. அதிகமாகச் சொத்து வரியை நம்பும் இந்த ஏற்பாடு மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு. 2000-லும் 2002-லும் அதே கோர்ட் அதையே திருப்பிச் சொல்ல வேண்டி வந்தது. பள்ளி நிதி ஏற்பாட்டை மாற்றுவது என்றால் பணக்காரப் புறநகர்களைத் தொட வேண்டும். எந்த அரசியல்வாதிக்கு அந்த தைரியம் வரும், சொல்லுங்கள்?

சீட்டு கொடுப்பது அதைவிடச் சுலபம். கொடுத்தார்கள்.

டாக்ஸியில் போன ஏழைப் பிள்ளை

1996-ல் கிளீவ்லண்டு வவுச்சர் தொடங்கியது. முதல் வருடம் சுமார் 2,000 பிள்ளைகள். ரொம்ப ஏழைக் குடும்பம் என்றால் ஃபீஸில் 90 சதவிகிதம், அதிகபட்சம் 2,250 டாலர். மீதிக்கென்று பெற்றோரிடம் 250 டாலருக்கு மேல் பள்ளி கேட்கக்கூடாது. அவசரமாகத் தொடங்கியதில் பஸ் ஏற்பாடு போதவில்லை. அதனால் பல பிள்ளைகள் டாக்ஸியில் பள்ளிக்குப் போனார்கள்! அன்றைக்கு லீவு போட்ட பிள்ளைக்கும் சேர்த்து டாக்ஸிக்காரர்கள் பில் போட்டது பிறகு தணிக்கையில் அகப்பட்டது. (நம் ஆபீஸ் ஆட்டோ வவுச்சர் எவ்வளவோ பரவாயில்லை!)

1999-2000 கல்வியாண்டில் சேர்ந்தவர்கள் 3,700 பேர். பள்ளிகள் 56. அதில் 46 மதப் பள்ளிகள். பிள்ளைகளில் 96 சதவிகிதம் அங்கேதான். ஏன்? 2,250 டாலருக்கு இடம் கொடுக்கக் கட்டுப்படியானது பெரும்பாலும் சர்ச் நடத்தும் பள்ளிகளுக்குத்தான். அதே சமயம் கிளீவ்லண்டு அரசுப் பள்ளிக்குக் கிடைத்தது தலைக்குச் சராசரி 7,097 டாலர். சீட்டின் மதிப்பு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சுற்றியிருக்கும் புறநகர் அரசுப் பள்ளிகளும் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. எத்தனை பள்ளிகள் 'வா கண்ணா' என்று கூப்பிட்டன? ஒன்றுகூட இல்லை!

மதப் பள்ளிக்கு அரசாங்கப் பணமா என்று வழக்கு வந்தது. 2002 ஜூன் 27. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் 'தப்பில்லை' என்றது. பணம் போவது பெற்றோர் கைக்கு. எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்பவர் பெற்றோர். அரசாங்கம் எந்த மதத்துக்கும் கொடுக்கவில்லை என்பது அதன் வாதம். எதிர்த்து எழுதிய நீதிபதி ஒரு சுவாரஸ்யமான விவரத்தைக் காட்டினார். சீட்டோடு மதப் பள்ளிக்குப் போன குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு, அந்தப் பள்ளியின் மதத்தைச் சேர்ந்தவர்களே இல்லை! 'கான்வென்ட்டில சேர்த்தா ஒழுக்கமா இருப்பான், நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவான்' என்று சொல்லும் நம் ஊர் அப்பாக்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

ரப்பர் பார்ட்டி!

ஜோடியில் சீட்டு பக்கம் பார்த்தாயிற்று. பரீட்சை என்ன ஆனது?

2002 ஜனவரியில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் பரீட்சையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை வருடா வருடம் வாசிப்பிலும் கணக்கிலும் டெஸ்ட். 2014-க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேர்ச்சி பெற்றாக வேண்டும்! தேறாத பள்ளிக்குத் தண்டனை படிப்படியாக ஏறும். நூற்றுக்கு நூறு என்று எந்த ஊரில் நடந்திருக்கிறது? ஆனால் 'தேர்ச்சி' என்றால் எத்தனை மார்க் என்று அந்தந்த மாநிலமே முடிவு செய்துகொள்ளலாம் என்றும் சட்டம் சொன்னது. பிறகென்ன? உயரம் தாண்ட முடியாதவர்கள் கம்பியைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்கள். பரீட்சையில் வராத சரித்திரத்துக்கும் சங்கீதத்துக்கும் ஓவியத்துக்கும் பல பள்ளிகளில் பீரியடு குறைந்தது.

அட்லாண்டாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். விடைத்தாளில் பிள்ளைகள் போட்ட தப்பான விடையை ஆசிரியர்களே ரப்பரால் அழித்து, சரியாக்கினார்கள்! வார இறுதியில் கூடி உட்கார்ந்து அழிப்பதை 'பார்ட்டி' என்றே சொன்னார்கள். 2011-ல் வெளியான விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள், 178 ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் பெயர் அடிபட்டது. 2015-ல் பதினோரு பேரைக் குற்றவாளிகள் என்று கோர்ட் தீர்ப்பளித்தது.

ஒஹாயோ பின்தங்குமா? தலைநகர் கொலம்பஸின் பள்ளி நிர்வாகத்தில் வேறு டெக்னிக். அடிக்கடி மட்டம் போடும் பையன், மார்க் வாங்காத பையன் ஆகியோரைக் காகிதத்தில் மட்டும் 'பள்ளியை விட்டு நின்றான்' என்று எழுதி, பிறகு 'மறுபடி சேர்ந்தான்' என்று எழுதினார்கள். நடுவில் விட்டுப் போனதாகக் காட்டியதால் அவன் மார்க் பள்ளியின் கணக்கில் வராது! 2012-ல் குட்டு உடைந்தது.

டொனால்ட் கேம்ப்பெல் என்ற அமெரிக்கச் சமூக விஞ்ஞானி 1970-களிலேயே எச்சரித்திருந்தார். எந்த எண்ணை வைத்துப் பெரிய முடிவுகள் எடுக்கிறோமோ, அந்த எண்ணைத்தான் எல்லோரும் கெடுக்கப் பார்ப்பார்கள் என்று. மாதக் கடைசியில் 'டார்கெட்' காட்டுவதற்காக சேல்ஸ் டிபார்ட்மென்ட் செய்யும் கூத்தை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அங்கே நஷ்டம் கம்பெனிக்கு. இங்கே நஷ்டம், 'நான் பாஸ், எனக்குத் தனி டியூஷன் வேண்டாம்' என்று ஏமாற்றப்பட்ட பிள்ளைக்கு.

படிப்பில் எமர்ஜென்ஸி

சீட்டுக்கும் பரீட்சைக்கும் அதிகாரபூர்வமாகத் தாலி கட்டி வைத்தது, ஒஹாயோ 2005-ல் கொண்டுவந்த 'எட்சாய்ஸ்' திட்டம். கிளீவ்லண்டுக்கு வெளியே மாநிலம் முழுக்கச் சீட்டு. யாருக்கு? பரீட்சை ரிசல்ட்டை வைத்து அரசாங்கம் பள்ளிகளுக்கு ரேங்க் போடும். கடைசிப் படிக்கு அங்கே வைத்த பெயரே 'அகாடமிக் எமர்ஜென்ஸி'! (எமர்ஜென்ஸி என்றால் நமக்கு 1975 ஞாபகம் வரும். இது வேறு.) தொடர்ந்து இப்படி மோசமான ரேங்க் வாங்கும் அரசுப் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குச் சீட்டு.

ரேங்க் போடும் முறையோ அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தது. விளைவு என்ன தெரியுமா? 2019-20 கல்வியாண்டில் 517 பள்ளிகள் இருந்த 'தேறாத' பட்டியல், அடுத்த வருடம் 1,200-ஐத் தாண்டப் போகிறது என்று தெரிந்தது. நல்ல பெயர் வாங்கிய புறநகர்ப் பள்ளிகளும் உள்ளே! தங்கள் பிள்ளையின் பள்ளி ஒரே ராத்திரியில் 'ஃபெயில்' ஆனதைக் கேட்டு அப்பாக்கள் அலற, சட்டசபை அவசர அவசரமாகக் கூடி நிறுத்திவைத்தது. பள்ளி அப்படியேதான் இருந்தது. மாறியது அளவுகோல்.

இன்னொரு சூட்சுமமும் இருந்தது. சீட்டைக் கொடுப்பது அரசாங்கம், கொண்டுபோவது பெற்றோர். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? தனியார் பள்ளி! தன் அட்மிஷன் விதிகளைத் தானே வைத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளியோ வாசலுக்கு வந்த பிள்ளையைத் தள்ளிவிட முடியாது. ரிசர்வேஷன் டிக்கெட் கையில் இருக்கிறது. ஆனால் ஏற்றிக்கொள்வது கண்டக்டர் இஷ்டம் என்றால் எப்படியிருக்கும்?

கடைசி ரீல் திருப்பம்

இனிதான் விஷயத்துக்கே வருகிறோம். சீட்டோடு போன பிள்ளைகள் தேறினார்களா?

2016-ல் எட்சாய்ஸ் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அரசுப் பள்ளியை விட்டுச் சீட்டோடு தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள், போகாமல் இருந்த அதே மாதிரிப் பிள்ளைகளைவிடப் பரீட்சையில் பின்தங்கினார்கள். கணக்கில் ரொம்பவே! ஆனால் போட்டிக்குப் பயந்த அரசுப் பள்ளிகள் கொஞ்சம் முன்னேறின. (சாம்பாரில் பருப்பு!) லூசியானா மாநிலத்தில் குலுக்கல் முறையில் சீட்டு கொடுத்ததை ஆராய்ந்தவர்களும் கணக்கு மார்க் பெரிதாகச் சரிந்ததைப் பார்த்தார்கள். மில்வாக்கியில் சீட்டு மாணவர்களும் மாநிலப் பரீட்சையை எழுத வேண்டும் என்று ஆன பிறகு, 2011-ல் வெளிவந்த முதல் ரிசல்ட்டில் கணக்கில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளே முன்னால். வாசிப்பில் கிட்டத்தட்ட சமம்.

'ஆக, சீட்டு ஃபெயில்!' என்று எதிர்ப்பாளர்கள் கைதட்டினார்கள். பரீட்சை வைத்துத்தானே அரசுப் பள்ளியை ஃபெயிலாக்கினீர்கள்? அதே பரீட்சை உங்களையும் ஃபெயிலாக்கிவிட்டதே!

கொஞ்சம் பொறுங்கள். 2025-ல் இன்னொரு ஆய்வு வந்தது. 2016 ஆய்வை நடத்தியவர்களும் இதில் இருந்தார்கள். தொடக்க வருடங்களில் எட்சாய்ஸில் சேர்ந்த பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று தேடினார்கள். சீட்டோடு போனவர்களில் 64 சதவிகிதம் பேர் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள். அதே மாதிரிப் பின்னணியில், அரசுப் பள்ளியிலேயே இருந்தவர்களில் 48 சதவிகிதம்தான். பட்டம் வாங்கியவர்கள் 23-க்கு 15. அதிக லாபம் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ரொம்ப ஏழைகளுக்கும்!

டெஸ்ட்டில் மார்க் குறைந்தது. ஆனால் பட்டம் வாங்கினார்கள். எப்படி? கண்டிப்பான வாத்தியார், பயமில்லாத காரிடார், 'நீ காலேஜ் போவே' என்று தினமும் நம்பிக்கை சொல்லும் சகவாசம்... எது காரணம் என்று ஒற்றை விரலால் சுட்டிக்காட்ட முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம். எந்த அளவுகோலை வைத்து ஆயிரம் அரசுப் பள்ளிகளுக்கு 'தேறாது' முத்திரை குத்தினார்களோ, அந்த அளவுகோலால் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சரியாக அளக்க முடியவில்லை. சீட்டுப் பள்ளியை அதை வைத்து ஃபெயிலாக்குவது அநியாயம் என்றால், அரசுப் பள்ளியை மட்டும் ஃபெயிலாக்கியது எந்த ஊர் நியாயம்?

பந்தியில் புகுந்தவர்கள்

இந்த நல்ல சேதி வருவதற்கு முன்பே திட்டம் உருமாறிவிட்டது. 2023-ல் ஒஹாயோ வருமான வரம்பை எடுத்துவிட்டது. ஏழைப் பிள்ளை என்றோ, மோசமான பள்ளியிலிருந்து வருகிற பிள்ளை என்றோ இனி கட்டாயமில்லை. நான்கு பேர் குடும்பத்துக்குச் சுமார் 1,35,000 டாலர் வருமானம் வரை முழுச் சீட்டு! கீழ் வகுப்புக்கு 6,166 டாலர், உயர்நிலைப் பள்ளிக்கு 8,408 டாலர். அதற்கு மேலே கோடீஸ்வரரானாலும் பத்தில் ஒரு பங்காவது உண்டு. 2023-24-ல் மாநிலத்தின் எல்லா வவுச்சர் திட்டங்களுக்கும் சேர்த்துச் செலவு கிட்டத்தட்ட நூறு கோடி டாலர்.

புதிதாகச் சீட்டு வாங்கியவர்கள் யார்? பெரும்பாலோர் ஏற்கெனவே தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்டிப் படித்துக்கொண்டிருந்தவர்கள்! அன்னதானம் என்று போர்டு போட்டு, கார் வைத்திருப்பவர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்த கதை. மில்வாக்கியில் வருமான வரம்பை உயர்த்தப் பார்த்தபோது அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? திட்டத்தின் தாயான அதே பாலி வில்லியம்ஸ்! ஏழைக்கென்று பெற்ற பிள்ளையைப் பணக்காரர் தூக்கிக்கொண்டு போகிறார்களே என்ற ஆதங்கம். 2014-ல் காலமானார்.

2025 ஜூனில் கொலம்பஸில் ஒரு நீதிபதி, எட்சாய்ஸ் திட்டம் மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். அப்பீலுக்கு வழிவிட்டு, அமல்படுத்துவதை நிறுத்திவைத்தார்.

நமக்கென்ன இதில்?

இருக்கிறது ஸார். 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், தனியார் பள்ளியின் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் ஏழை, நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. ஃபீஸை அரசாங்கம் பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும். பெயர்தான் வேறு, பணம் பிள்ளையின் பின்னால் போகிறது என்ற தத்துவம் அதேதான். நம் சட்டத்தில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு வைத்துப் பள்ளி பொறுக்கி எடுக்கக்கூடாது. கண்டக்டரின் இஷ்டத்துக்கு விடவில்லை! பரீட்சையும் நம்மைத் தொட்டுப் பார்த்தது. தமிழ்நாட்டில் ஐந்தாம், எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019-ல் அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள்.

சீட்டும் பரீட்சையும் நாளைக்கே ஏதாவது ஒரு தேர்தல் அறிக்கையில் பளபளவென்று வரலாம். வந்தால் டீக்கடையில் கட்சி கட்டுவதற்கு முன்னால் நாலே நாலு கேள்வி கேளுங்கள். இந்தச் சீட்டு யாருக்கு? இல்லாதவனுக்கா, ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவனுக்கா? சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? பள்ளி பாதியில் மூடினால் பிள்ளைக்கு யார் பொறுப்பு? பரீட்சையில் ஒரு பள்ளி ஃபெயில் என்று தெரிந்தால், மறுநாள் அங்கே அனுப்பப்போவது வாத்தியாரையா, பூட்டையா?

ஏனென்றால், எத்தனை சீட்டு அச்சடித்தாலும் எல்லோரும் கிளம்பிவிடப் போவதில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் கிளீவ்லண்டில் பல்லாயிரம் பிள்ளைகள் அதே அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். காலை மணி அடிக்கும்போது அந்த வகுப்பில் ஒரு நல்ல ஆசிரியர் நின்றாக வேண்டும். அதற்கு இன்னும் யாரும் வவுச்சர் கண்டுபிடிக்கவில்லை.